இடம்: எங்கள் வயல்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அப்பா, அம்மா, மாடு, கன்று, நான் எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நீயும் அத்தானும் அதேபோல இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய தாள் இந்த உறைக்குள் முதலில் இருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் இதற்கு வந்திருப்பாய். இரண்டும் என் கையெழுத்துதான், ஆனால் அது அம்மாவின் கடிதம், இது என்னுடையது. இப்படி ஒரு தாள் இருப்பது அம்மாவுக்குத் தெரியாது. உறையை ஒட்டுகிற வேலையை எப்போதும் என்னிடம் விட்டுவிடுவதால் இதை உள்ளே வைக்க முடிகிறது. எல்லோரும் படுத்த பிறகு தீவன அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், மடியில் வைத்து எழுதுவதால் கோணலாக வருகிறது, பொறுத்துக்கொள். அம்மா இன்று சொல்லும்போது அப்பாவுக்குக் கண் கொஞ்சம் மங்குகிறது, வயசாகிறது இல்லையா, உங்கள் ஊரில் நல்ல கண் டாக்டர் இருந்தால் விசாரித்து வை என்று சொன்னாள், எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. என்னடி யோசிக்கிற, எழுது என்றாள். பிறகு அவளே, “வயல் விஷயம் ஒண்ணும் எழுதிடாத, தூரத்துல இருக்கிறவ வயித்துல எதுக்குப் புளியக் கரைக்கணும்” என்றாள். அந்த வயல் விஷயத்தைத்தான் இதில் எழுதப்போகிறேன். அப்பாவின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை அக்கா. எல்லாம் என்னால் வந்தது.

நீ படித்த காலத்தில் பள்ளிக் கண்காட்சி என்றால் கோழியும் முயலும்தான். உன் முயல் நடுவரின் விரலைக் கடித்ததை அறிவியல் டீச்சர் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார். இப்போது செடிகளுக்கும் தனி மேஜைகள் வந்துவிட்டன. மேய்ச்சல் நிலத்துப் புல் வகைகளை வேரோடு பிடுங்கி நாடா கட்டி வைப்பது ஒரு மேஜை, பயிர்க் கதிர்களும் விதைக் குப்பிகளும் ஒரு மேஜை, காட்டு மரங்களின் இலை, பட்டை, குறுக்கே அறுத்த வட்டுகள் ஒரு மேஜை. ஒருத்தி வட்டுகளை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து பிஸ்கட் மாதிரி ஆக்கி வைத்திருந்தாள். நான் சேர்ந்தது களை மேஜை. களைச் செடியைப் பூவோடு பிடுங்கி, பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனம் ஏற்றி, ஈரம் போகப் போகத் தாளை மாற்றி, தட்டையாகக் காய்ந்ததும் அட்டையில் ஒட்ட வேண்டும். கீழே ஒரு சீட்டு. பெயர், எடுத்த இடம், சேகரித்தவர் பெயர் மூன்றையும் அதில் எழுத வேண்டும். சீட்டு இல்லாத செடி வெறும் குப்பை என்று டீச்சர் சொல்லுவார். களைப் பிரிவுக்கு மட்டும் ஒரு விதி உண்டு. அவரவர் வீட்டார் பயிர் செய்யும் நிலத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

அங்கேதான் எனக்குச் சிக்கல். மற்றப் பிள்ளைகள் வீட்டு வயலில் இறங்கி ஒரு கை அள்ளினால் போதும். நம் அப்பா தீவனப் பயிரான குதிரைமசாலை விதைக்கென்றே வளர்க்கிறவர். நம் குதிரைமசால் வயலில் ஒரு கோரை தலை நீட்டினால் அது பூப்பதற்கு முன்னால் அவர் கையில் இருக்கும். அவரிடமே போய்க் கேட்டேன். “நம்ம வயல்ல களை தேடுறதும் வழுக்கத் தலையில பேன் தேடுறதும் ஒண்ணு, சின்ன ஆபீசர்” என்று சிரித்தார். விதைக்குச் சான்று கொடுக்கிற விதை ஆபீசர் வயலை அளக்க வரும்போது நாடாவின் மறுமுனையை நான் பிடிப்பதால் எனக்கு அந்தப் பட்டம், உனக்குத் தெரியும். நான் மேய்ச்சல் நிலத்தில் போய்க் கிடைத்ததையெல்லாம் பிடுங்கி வந்தேன். எல்லாச் சீட்டிலும் ‘இடம்: எங்கள் வயல்’ என்று அழகாக எழுதினேன். எழுதும்போது ஒரு உறுத்தலும் இல்லை என்றால் நீ நம்ப மாட்டாய். அருகம்புல்லும் கோரையும் எங்கே முளைத்தால் என்ன, ஊரெல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தேன். விதியை ஏமாற்றவில்லை, அப்பாவின் கைச் சுத்தத்தால் எனக்கு வந்த குறையைத்தான் சரி செய்கிறேன் என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேய்ச்சல் நிலத்தைத் தாண்டினால் அத்தை வயல். உன் மாமியாரை அத்தை என்றே எழுதுகிறேன், வேறு எப்படியும் எனக்கு வராது. அத்தை வளர்க்கும் குதிரைமசால் விதைக்கு இல்லை, தீவனத்துக்கு. அறுத்துக் கட்டுக் கட்டாகப் பால் பண்ணைக்குப் போடுகிறார். வேலியோரம் ஒரு மூலையில் சாக்கு விரித்து மேலே கல் வைத்திருந்தது. சாக்குக்கு வெளியே மஞ்சளாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. வேலிக்குள் கையை விட்டுச் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். அம்மையார் கூந்தல். அறிவியல் புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன், நேரில் அன்றுதான் பார்த்தேன். இலை கிடையாது, பச்சை கிடையாது, யாரோ மஞ்சள் நூல்கண்டைச் செடி மேல் போட்டுச் சிக்கலாக்கிவிட்டுப் போனதுபோல இருந்தது. மண்ணில் வேர்கூட இல்லாமல், பிடித்த செடியை உறிஞ்சியே வளர்கிற கொடி. சின்னச் சின்னதாக வெள்ளைப் பூவும் வைத்திருந்தது. கண்காட்சியில் யாரிடமும் இது இருக்காது என்பது ஒன்றுதான் எனக்குத் தோன்றியது. ஒரு குதிரைமசால் தண்டோடு சேர்த்து ஒடித்துக்கொண்டு, சாக்கை இருந்தபடியே மூடிவிட்டு ஓடி வந்தேன். அத்தை ஏன் அதை மூடி வைத்திருந்தார் என்று யோசிக்கவே இல்லை.

கண்காட்சி அன்று அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கவிட்டிருந்த ஒரு அம்மாதான் நடுவர். என் அட்டை முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். “எது மேல ஏறியிருக்கோ அதோட சேத்தே ஒட்டியிருக்கா பாருங்க, இதான் முறை” என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். முதல் பரிசு நாடாவை என் அட்டையில் குத்தினார். அப்புறம் குனிந்து சீட்டைப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார், பிறகு பயிர் மேஜையில் இருந்த விதை ஆபீசரைக் கையசைத்துக் கூப்பிட்டார். ஆபீசர் அப்பாவை ஓரமாக அழைத்துப் போய், “என்னங்க இது, உங்க வயல்ல இருந்தா?” என்று கேட்டார். நான் அருகில்தான் நின்றேன். அப்பா சிரித்தார். “நம்ம வயல்லயா, யாருங்க சொன்னா” என்றபடி மேஜைக்கு வந்து சீட்டைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே அழுது சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன், ஆனால் அவர் என்னைக் கேட்கவில்லை. ஆபீசரிடம் திரும்பி, “என் பொண்ணு எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும்” என்றார். அதற்குப் பிறகு நான் எப்படிச் சொல்வேன்.

ஒரு சின்னக் கொடிக்கு இவ்வளவு என்ன என்று நீ கேட்கலாம், நகரத்துக்குப் போனபின் இதெல்லாம் மறந்திருக்கும். அதன் விதையும் குதிரைமசால் விதையும் கிட்டத்தட்ட ஒரே பருமன், எந்தச் சல்லடையிலும் சுத்தமாகப் பிரியாது. ஒரு வயலில் இருந்தது தெரிந்தால் அந்த வயலின் விதையை நம்பி யாரும் வாங்க முடியாது, வாங்கினவன் வயலுக்கும் அது போய்ச் சேரும். அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னை வயலுக்குக் கூட்டிப்போய், எந்த இடத்தில் எடுத்தாய், காட்டு என்றார். அக்கா, அப்போதும் நான் சொல்லவில்லை. வாய்க்கால் திரும்புகிற இடத்தில் ஒரு பாத்தியைக் கை காட்டினேன். ஏன் அதைக் காட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை, கை நீண்டது, அவ்வளவுதான். பூத்து நின்ற அந்தப் பாத்தியை அவர் வேரோடு கொத்தி, மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார். அப்படித்தான் செய்ய வேண்டுமாம். நெருப்பை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு குற்றமும் செய்யாத செடி எரியும்போது எப்படி வாசம் வருகிறது தெரியுமா, அறுத்த தீவன வாசம்தான், கொஞ்சம் இனிப்பாக.

எரித்தது வினையாகப் போயிற்று. ஆபீசர் வந்து வயல் முழுக்க நடந்து பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. எரிந்த பாத்தியைப் பார்த்து, “நான் வர்ற வரைக்கும் விட்டு வச்சிருக்கலாமே” என்றார். குற்றம் சாட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கூட வந்த விதைக் கடைக்காரர், “அதான் இருந்த தடமே இல்லாம பண்ணியாச்சே, இனி என்னத்தப் பாக்கறது” என்றார். போன வருஷம் வரைக்கும் அப்பா கட்டிக் கொடுத்த மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஏற்றிக்கொண்டு போன மனுஷன். அப்பாவுக்கு அந்தச் சொல்கூடப் பெரிதாகப் படவில்லை. அவர் மனத்தில் ஓடுவது வேறு. தினம் காலையும் மாலையும் நடந்த வரப்பில், பூ வைக்கிற அளவுக்கு ஒரு களை வளர்ந்திருக்கிறது, அது தன் கண்ணில் படவில்லை, மகள் கண்ணில் பட்டிருக்கிறது. இதைத்தான் நினைத்து நினைத்து மாய்கிறார். டவுனுக்குப் போய் நடுவர் அம்மா வைத்திருந்தது போலவே ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வந்தார். பாத்திக்குப் பாத்தி மண்டியிட்டுப் போகிறார். அம்மா முதலில், என்ன, மோதிரத்தத் தொலச்சீங்களா என்று கேலி செய்தாள், இப்போது கேலி செய்வதில்லை. முந்தாநாள் என்னைக் கூப்பிட்டார். உள்ளங்கையில் ஒரு மஞ்சள் இழை. “இது அதுதானான்னு பாரு, உன் கண்ணு நல்ல கண்ணு” என்றார். உரச் சாக்கிலிருந்து உதிர்ந்த நூல் அக்கா. நூல்ப்பா என்றேன். அப்பாடா என்று அதைப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், எதற்கென்று தெரியவில்லை.

இதைவிடக் கேவலமான ஒன்றை இன்னும் உனக்கு எழுதவில்லை. அப்பா என்னைப் பற்றிப் பெருமை பேசுகிறார். டீக்கடையில், பால் பண்ணையில், யார் துக்கம் விசாரிப்பதுபோல வந்து கேட்டாலும், “சொந்த வயல்னு கூடப் பாக்காம உள்ளத உள்ளபடி எழுதிட்டா எம் பொண்ணு, வேற யாரா இருந்தா மறைச்சிருப்பாங்க” என்கிறார். டீச்சர் இதைக் காலைப் பிரார்த்தனையில் எல்லோர் முன்னாலும் சொல்லிக் கை தட்டச் சொன்னார். தட்டினார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அடக்கமான பெண் என்று வேறு சொன்னார்கள். பரிசு நாடாவை அப்பா கூடத்தில் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். அதனால் நான் இப்போதெல்லாம் கண்ணாடி பார்க்காமலே தலை பின்னிக்கொள்கிறேன். வகிடு கோணலாக இருக்கிறது என்று அம்மா திட்டுகிறாள்.

அத்தைக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கண்காட்சிக்கு அவரும் வந்திருந்தார். என் அட்டை முன்னால் வெகுநேரம் நின்றார். “எங்க புடிச்ச இத?” என்று கேட்டார். எங்க வயல்ல அத்தை என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நல்லா ஒட்டியிருக்க” என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். ஆபீசர் வந்துபோன மறுநாள் நம் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று, முட்டி வலிக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, உட்காராமலே போனார். முட்டி வலியைச் சொல்லவா அவ்வளவு தூரம் முட்டி வலியோடு நடந்து வந்தா என்று அம்மா கேட்டாள். அவர் சொல்ல வந்தது என்ன என்று எனக்குத் தெரியும், ஏன் சொல்லவில்லை என்றும் தெரியும். எனக்கு எது வாயை அடைத்ததோ அதுவேதான். அவரைக் குறை சொல்ல நான் யார். தெரிந்தால் பண்ணைக்காரர்கள் அவர் தீவனக் கட்டைத் தொட மாட்டார்கள், மாட்டுச் சாணத்தின் வழியாகக்கூட அது பரவுமாம். அந்தத் துண்டு நிலம்தான் அவருக்கு எல்லாம். நான் உண்மையைச் சொன்னால் அப்பா நிமிர்வார், அத்தை குனிவார், நடுவில் நீ நிற்பாய். நம் வீட்டுப் பெண்தான் காட்டிக் கொடுத்தாள் என்று அத்தானும் நினைக்கலாம். இந்தப் பயத்தில்தான் இத்தனை நாள் ஊமையாக இருந்தேன் என்று எழுதலாமா என்று பார்த்தேன், ஆனால் அது பாதிதான் நிஜம். மீதிப் பாதி அந்தக் கைதட்டல். இனி என்னைப் பொய்க்காரி என்று பார்ப்பார்களே என்பதுதான்.

நாளை காலை ஆபீசர் கடைசியாக வருகிறார். சந்தேகம் இருந்தால் இந்தப் பயிரை விதை என்று கணக்கில் எடுக்க மாட்டார், தீவனமாக அறுக்க வேண்டியதுதான். அதற்கு முன்பே அப்பா ஒரு முடிவு எடுத்துவிட்டார். இன்று சாப்பிடும்போது அம்மாவிடம், “நானே வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். இந்த வருஷம் மட்டுமில்ல, இனிமேலும் வேணாம். கண்ணு தெரியாதவன் விதை போடக் கூடாது, ஊரான் வயல்ல கொண்டுபோய் விஷத்தத் தூவற மாதிரி அது” என்றார். அம்மா, கண்ணாடி போட்டா சரியாப் போயிடும் என்றாள். பெரிய எழுத்து படிக்கிறதுக்குக் கண்ணாடி போதும், களை படிக்கிறதுக்குப் போதாது என்றார். அதன் பிறகுதான் அம்மா கைகழுவிவிட்டு வந்து உனக்குக் கடிதம் எழுது என்று என்னை உட்கார வைத்து, கண் டாக்டரைப் பற்றிச் சொன்னாள். நானே அதை என் கையால் எழுதினேன் அக்கா. அம்மா சொல்லி நான் எழுதிய எத்தனையோ கடிதங்களில் பொய் என்று தெரிந்தே எழுதிய வரி அது ஒன்றுதான்.

மேய்ச்சல் நிலத்தில் எடுத்தேன் என்று மட்டும் சொல்லி அத்தையை விட்டுவிடலாமா என்றும் இன்று நினைத்துப் பார்த்தேன். அது இன்னொரு பொய்ச் சீட்டு, வேறென்ன. அதோடு, அத்தை வயலைத் தொட்டுக்கொண்டுதான் வாய்க்கால் நமக்கு வருகிறது. சாக்கு போட்டு மூடினால் அந்தக் கொடி சாகாது, விதை தண்ணீரில் விழும், அடுத்த மழைக்கு நிஜமாகவே நம் வயலில் வந்து நிற்கும். அப்போது ‘எங்கள் வயல்’ என்று நான் எழுதியது உண்மையாகிவிடும். அதை நினைத்தால்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயம் வருகிறது. அதனால் காலையில் ஆபீசர் வருவதற்கு முன்னால் அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். அத்தை விஷயத்தை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். அவர் அத்தையை ஊர் நடுவில் நிறுத்த மாட்டார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தானே போய் அந்த மூலையைக் கொத்தி எரித்துக் கொடுப்பார் என்று நம்புகிறேன். என்னை அடிக்க மாட்டார், அதுவும் தெரியும். சின்ன ஆபீசர் என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதற்குத்தான் என்னைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

மேலே உள்ள வரியை எழுதிக்கொண்டிருக்கும்போது கதவு சத்தம் கேட்டது. விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலில் பார்த்தேன். அப்பா டார்ச்சோடு வயலில் இறங்கியிருக்கிறார். வெளிச்சம் பாத்திக்குப் பாத்தி நின்று நின்று நகர்கிறது, தரையோடு தரையாக. நாளை எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தரம் தேடுகிறார் போலிருக்கிறது. காலை வரை நான் இங்கே உட்கார்ந்திருந்தால் காலை வரை அவர் இல்லாததைத் தேடிக்கொண்டிருப்பார். அதனால் இப்போதே போகிறேன். திரும்பி வந்து உறையை ஒட்டுவேன். இது உன் கைக்கு வந்திருந்தால் நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள். தைரியம் வராமல் வரப்பிலிருந்தே திரும்பிவிட்டால் இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவேன், உனக்கு அம்மாவின் கடிதம் மட்டும் வரும்.

அத்தையிடம் நீ எதுவும் கேட்க வேண்டாம், என்னிடம் கோபப்பட்டால் அதை எழுதாமல் நேரில் வரும்போது திட்டு. அத்தானிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். அம்மா அடிக்கடி சொல்வதை நானும் சொல்கிறேன், ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே, காலைச் சாப்பாட்டை விடாதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா உள்ளன்போடு சொன்னது முதல் தாளில் இருக்கிறது, அது முழுக்க நிஜம், அதை அப்படியே எடுத்துக்கொள். முக்கியமான ஒன்று, மறந்துவிடாதே. கண் டாக்டரை விசாரிக்க வேண்டாம்.

கையெழுத்துக்குப் பதிலாக இதைப் போடுகிறேன்.

பெயர்: அம்மையார் கூந்தல், குதிரைமசால் மேல் படர்ந்தது.
இடம்: அத்தை வயல், வேலியோரம், சாக்கு மூடிய மூலை.
சேகரித்தவள்: உன் தங்கை.